எட்டாம் நம்பர் கம்பி

நெவில் தம்ளருக்குள் விரலை விட்டார். விரல் உள்ளே போகவில்லை. தண்ணீர் கட்டியாக உறைந்து கிடந்தது. அந்தக் கட்டிக்குள் மேல் வரிசையும் கீழ் வரிசையுமாக அவருடைய பல் செட் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

வட குவீன்ஸ்லாந்தில், ஒரு கரும்பு ஆலையின் எடைமேடையில் முப்பத்தெட்டு வருடம் லாரிகளை நிறுத்து அனுப்பிய மனிதர் அவர். அந்த ஊரில் ஒரு தம்ளர் தண்ணீரை ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தால் கொசு முட்டையிடும். உறைவது என்பதெல்லாம் கிடையாது. ஆகவே நியூசிலாந்தின் தென்தீவுக்கு, அங்கே கடுங்குளிர்காலமான ஜூலை மாதத்தில், வாடகை வேனில் கிளம்பியபோது, காலுறை எத்தனை, கம்பளிச் சட்டை எத்தனை என்று பட்டியல் போட்டு அடுக்கியவர் பல் செட்டைப் பற்றி மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டார்.

தம்ளரை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் சூடேற்றிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் போர்வைக் குவியல் அசைந்தது. இரண்டு குல்லாய்களுக்குக் கீழே பீட்ரூட் நிறத்தில் ஒரு மூக்கு வெளியே வந்தது. அவருடைய மனைவி டெஸ்லி.

"நல்லா தூங்கினியா?" என்றாள்.

"சூப்பர்" என்றார். பல் இல்லாததால் அது "ஹூப்பர்" என்று வந்தது.

"எனக்கும்தான். இந்த அமைதி, இந்தச் சுத்தமான காத்து... எப்பேர்ப்பட்ட எடம். ஆமா, அக்குள்ல என்ன?"

"கொஞ்சம் பிடிப்பு."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சொல்ல முடியாததற்குக் காரணம் டாஸ்மேனியா.

பதினோரு வருடத்துக்கு முன்னால் இரண்டு பேரும் டாஸ்மேனியா தீவுக்குப் போனார்கள். நெவில் ஒழுங்கான மனிதர். ஒழுங்கில்லாத எதுவும் அவர் கண்ணில் படாமல் போகாது. காப்பி ஆறியிருக்கிறது என்றார். தலையணை மெல்லிசு என்றார். அருவியைப் பார்த்துவிட்டு, படத்தில் இதைவிடப் பெரிதாக இருந்தது என்றார். மூன்றாம் நாள் டெஸ்லி பெட்டியைக் கட்டினாள். "உன்கூட ஊர் சுத்தறதுக்குப் பதிலா நான் ஒரு புகார்ப் பெட்டியைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நடக்கலாம்" என்றாள். அதற்குப் பிறகு அவள் வெளியூர் போனதெல்லாம் தன் தங்கையோடுதான். நெவில் வீட்டில் இருந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மருந்துக்கடையில் காத்திருந்த நேரத்தில், வேன் பயண விளம்பரத் தாள் ஒன்றை டெஸ்லி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனித்தார். வீட்டுக்கு வந்ததும் பதிவு செய்துவிட்டார். குளிர்காலமாக இருந்தால் வாடகை பாதி. அதனால் குளிர்காலமே ஆயிற்று. டெஸ்லி பதிவுச் சீட்டை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, "உன் ஆசைப்படியே போகலாம்" என்றாள். அந்த நல்ல மனசை நினைத்து நெவில் ஒரு சபதம் செய்துகொண்டார். இந்தத் தடவை ஒரு குறை, ஒரே ஒரு குறைகூட வாயிலிருந்து வரக்கூடாது. வந்தால் மிச்ச வாழ்நாளெல்லாம் செடிக்குத் தண்ணீர்தான்.

பத்து நாள் பயணத்தில் இரண்டு நாள்தான் முடிந்திருந்தது.

அவர்கள் வந்து சேர்ந்திருந்த வேன் முகாம் ஒமரமா என்ற ஊரைத் தாண்டி, ஒரு சின்னக் குளத்தின் கரையில் இருந்தது. மேலே போகும் மலைக் கணவாயைப் பனி மூடிவிட்டதால் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. வேனில் ஒரு ஹீட்டர் இருந்தது. அதைப் போட்டால் விமானம் கிளம்புவது போலச் சத்தம் வரும். விடிவதற்கு வெகுநேரம் முன்பே பேட்டரியைக் குடித்துவிட்டு அடங்கிவிடும். அடங்கிய பிறகுதான் குளிர் என்றால் என்ன என்று தெரியும்.

முகாமுக்கு எதிரே, சாலையைத் தாண்டி ஒரு மோட்டல். அதன் வாசலில் ஒரு பலகை: ஒவ்வொரு கட்டிலிலும் மின்சாரப் போர்வை உண்டு. நெவில் பல் செட்டைக் கழுவும்போது அந்தப் பலகையைப் பார்த்தார். காலை நடைக்குப் போகும்போது பார்த்தார். ஒருமுறை டெஸ்லியும் அந்தப் பக்கமே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன பார்க்கிறாய் என்று கேட்டார். "மலை எவ்வளவு அழகா இருக்கு" என்றாள். மலை அவளுக்குப் பின்னால் இருந்தது. திருத்தினால் அதுவும் குறை சொன்ன கணக்கில் சேர்ந்துவிடும் என்று நெவில் தலையாட்டி வைத்தார்.

வாடகை ஒப்பந்தம் பதினான்கு பக்கம். அதை முழுதாகப் படித்த மனிதர் உலகத்திலேயே நெவில் ஒருவராகத்தான் இருக்கும். பதினோராம் பக்கத்தில், வேனில் படுத்துத் தூங்க முடியாத அளவுக்குப் பழுது வந்தால் கம்பெனியே மோட்டலில் தங்க வைக்கும் என்று எழுதியிருந்தது. வண்டியே கைவிட்டுவிட்டால் யார் மேலும் தப்பில்லை. யாரும் வாயைத் திறந்து குறை சொன்னதாகவும் ஆகாது.

டெஸ்லி பொதுச் சமையலறையில் டோஸ்ட் போடப் போன நேரம் பார்த்து, நெவில் சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஹீட்டரின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவள் திரும்பி வந்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஹீட்டர் செத்துவிட்டது என்றார்.

"அடப் பாவமே" என்றாள் டெஸ்லி. "உனக்குத்தான் கஷ்டம்."

விதிப்படி கம்பெனிக்குப் போன் செய்வதுதான் முறை என்று நெவில் ஆரம்பித்தார். அதற்குள் அவள் பூட்ஸை மாட்டிக்கொண்டுவிட்டாள். கம்பெனி எதற்கு, முகாம் காப்பாளர் ஹேமி இருக்கிறாரே, எதையும் சரி செய்வாராமே என்றாள். ஹேமியின் குடிசை முப்பது அடி தூரம். போனவள் திரும்பி வர அரை மணி நேரம் ஆயிற்று. வரும்போது ஹேமியும் கூடவே வந்தார். டெஸ்லியின் கண் கொஞ்சம் சிவந்திருந்தது. குளிர்காற்று என்று நெவில் நினைத்துக்கொண்டார்.

ஹேமிக்கு ஐம்பது வயது இருக்கும். தரையெல்லாம் உறைபனி, அவரோ அரைக்கால் சட்டையும் ரப்பர் பூட்ஸும் போட்டிருந்தார். தோளில் வேலிக் கம்பிச் சுருள். அந்த நாட்டில் அதை எட்டாம் நம்பர் கம்பி என்பார்கள். எட்டாம் நம்பர் கம்பியால் சரி செய்ய முடியாத பொருள் உலகத்தில் இல்லை என்பது அங்கே பால்குடிக்கும்போதே ஊட்டப்படுகிற நம்பிக்கை. கடையில் புதுப் பாகம் வாங்கி மாட்டுகிறவனை அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அறுபது கிலோமீட்டர் தாண்டி இருக்கிற பண்ணைக்காரர்கள்கூட டிராக்டரை ஹேமியிடம்தான் கொண்டுவருவார்களாம்.

ஹேமி வேனுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். ஃபியூஸ் இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு நெவிலை ஒரு நிமிடம் பார்த்தார்.

"சின்ன விஷயம் அண்ணே" என்றார்.

இரண்டு சாண் கம்பியை வெட்டி, ஃபியூஸ், ஸ்விட்ச் எல்லாவற்றையும் தாண்டி நேராக இணைத்தார். ஹீட்டர் உறுமிக்கொண்டு கிளம்பியது. கிளம்பியது, நிற்கவில்லை. நிறுத்த ஸ்விட்ச் என்று ஒன்று இப்போது இல்லையே. ஒரு மணி நேரத்தில் வேன் ரொட்டி சுடுகிற அடுப்பு மாதிரி ஆகிவிட்டது. நெவில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். தலையில் வியர்வை, காலடியில் ஐஸ். கூரையில் படிந்த ஈரமெல்லாம் உருகி, படுக்கை மேல் சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்தது.

சாயங்காலம் ஹேமி வந்து, எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நெவில் வாயைத் திறப்பதற்குள் டெஸ்லி முந்திக்கொண்டாள். "நெவிலுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. இல்லையா நெவில்?"

அவள் அவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதுதான் பரீட்சை என்று நெவிலுக்குப் புரிந்தது. உதவிக்கு வந்த மனிதனைக் குறை சொல்வதைவிடப் பெரிய டாஸ்மேனியா வேறு இல்லை.

"பிரமாதம்" என்றார்.

டெஸ்லி ஒரு பெருமூச்சு விட்டாள். அவர் அதைத் திருப்தி என்று எடுத்துக்கொண்டார். படுக்கையில் சொட்டுவதைப் பற்றி மட்டும் ஹேமியிடம் கேட்கலாம் என்று அவளே சொன்னாள்.

ஈரம் வெளியேற வழி வேண்டும் என்றார் ஹேமி. கூரை ஜன்னலைத் திறந்து, கம்பியால் முட்டுக் கொடுத்து நான்கு பக்கமும் முறுக்கிக் கட்டினார். இனி அது மூடவே மூடாது என்று பெருமையாகச் சொன்னார். சொன்னது போலவே மூடவில்லை. மறுநாள் காலை கண் விழித்தபோது நெவிலின் நெஞ்சின் மேல் ஒரு விரல் கனத்துக்குப் பனி விழுந்திருந்தது. ஹீட்டரோ விடாமல் அலறிக்கொண்டிருந்தது. பேட்டரி தீராமல் இருக்க ஹேமி தன் குடிசையிலிருந்து ஒரு ஒயரை இழுத்து விட்டிருந்தார். அவருக்கு அவ்வளவு அக்கறை.

"பாரேன்" என்றாள் டெஸ்லி, போர்வை மேல் கிடந்த பனியைத் தட்டிவிட்டுக்கொண்டே. "பனியைப் பாக்கறதுக்கு வெளிய போகணும்ங்கற அவசியமே இல்ல." சொல்லிவிட்டு மறுபடியும் அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஆமா. வசதியா இருக்கு" என்றார் நெவில்.

பனி படுக்கையில் விழாமல் இருக்கப் படுக்கையை நகர்த்த வேண்டியதாயிற்று. மூன்றாவது தடவையாகக் கம்பிச் சுருள் வந்தது. கட்டிலின் ஒரு ஓரத்தைத் தூக்கி வேனின் பக்கச் சுவரோடு கட்டிவிட்டார் ஹேமி. பனி இப்போது காலியான பக்கத்தில் விழுந்தது. ஆனால் கட்டில் சாய்ந்துவிட்டது. எப்படிப் படுத்தாலும் இரண்டு பேரும் உருண்டு வந்து ஒரே பள்ளத்தில் சேர்ந்தார்கள். மதியத் தூக்கத்தின்போது நெவிலின் முழங்கை டெஸ்லியின் விலாவிலும், அவளுடைய இரண்டு குல்லாய்களும் அவர் மூக்கின் மேலும் இருந்தன. கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு நெருக்கமாக இருந்ததாக அவருக்கு ஞாபகமில்லை. டெஸ்லியின் உடம்பு குலுங்கிக்கொண்டிருந்தது. குளிரா, சிரிப்பா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம். மெதுவாக அவள் கையைப் பிடித்துத் தன் கம்பளிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். அது மட்டும் உண்மையாகவே நன்றாக இருந்தது.

"ஏதாவது சொல்லணுமா நெவில்?" என்று பள்ளத்துக்குள்ளிருந்து கேட்டாள்.

சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. நம்பர் போட்டு எழுதினால் மூன்று பக்கம் வரும்.

"ஒண்ணுமில்லையே. நீ சந்தோஷமா இருக்கேல்ல?"

"நீ சந்தோஷமா இருந்தா எனக்குச் சந்தோஷம்தான்" என்றாள்.

அந்தப் பதில் அவர் நெஞ்சை அறுத்தது. நாற்பது வருடத்தில் முதல்முறையாக, அவர் குறை சொல்லாத ஒரு பயணத்தை அவள் அனுபவித்துக்கொண்டிருக்கிறாள். அதைப் போய்க் கெடுப்பதா?

அன்று மாலை வேனின் பக்கக் கதவு சரியாகச் சாத்தவில்லை என்று டெஸ்லி கண்டுபிடித்தாள். நெவிலுக்கு அது சரியாகச் சாத்துவதாகத்தான் பட்டது. ஹேமி வந்தார். கதவை இறுக்கிக் கட்டினார். காற்று புகாது என்றார். காற்று மட்டுமில்லை, இனி மனிதர்களும் புக முடியாது என்பது அவர் போன பிறகுதான் தெரிந்தது. வெளியே போக வேண்டுமானால் முன் சீட்டுகளுக்கு நடுவே தவழ்ந்து, கியர் கம்பியைத் தாண்டி, ஓட்டுநர் கதவு வழியாகக் குதிக்க வேண்டும். அறுபத்தேழு வயதில் நெவில் கியர் கம்பியில் மாட்டிக்கொண்டு தொங்கியபோது, வருடா வருடம் அங்கே வரும் பக்கத்து வேன்காரர் காப்பிக் கோப்பையோடு வந்து நின்று பார்த்தார். இந்த ஜில்லாவிலேயே ஹேமியைப் போல ரிப்பேர்காரர் கிடையாது, அவர் கை பட்ட பொருள் மறுபடி கெட்டதில்லை, இப்போது என்ன வந்ததோ தெரியவில்லை என்று அவர் தலையை ஆட்டிக்கொண்டார். தொங்கிக்கொண்டே நெவில் அதை ஆமோதித்தார். ஊருக்கே தெரிந்த ஒரு கைதேர்ந்த மனிதர், நம் வேன் என்று வந்தால் மட்டும் இப்படியா என்று மனதுக்குள் நொந்துகொண்டார். நொந்துகொண்டதை வெளியே விடவில்லை.

ஐந்தாம் நாள் காலை கணவாய் திறந்துவிட்டது. டெஸ்லி அந்தச் செய்தியைச் சமையலறையிலிருந்து கொண்டுவந்தாள்.

"இன்னும் ஆறு நாள் இருக்கு. மேல மலைக்குள்ள இதைவிடக் குளிரா இருக்குமாம்" என்றாள். "போலாமா? நீ சொன்னாத்தான்."

"போலாம்" என்றார் நெவில். குரல் அவருடையது போலவே இல்லை.

அவள் சாமான்களை எடுத்து வைக்கப் போனதும் அவர் குளக்கரைக்கு நடந்தார். மூடாத ஜன்னல், நிற்காத ஹீட்டர், சாய்ந்த கட்டில், திறக்காத கதவு, இதெல்லாவற்றோடும் மலை மேல் ஆறு நாள். அவர் கையில் வேன் சாவி இருந்தது. வாழ்க்கையில் ஒரு பொருளைக்கூடத் தொலைக்காத மனிதர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கையை நன்றாகப் பின்னால் இழுத்து அதைக் குளத்தில் எறிந்தார்.

அது முழுகவில்லை. குளமும் உறைந்திருந்தது. சாவி டங்கென்று விழுந்து, ஐஸ் மேல் சறுக்கிக்கொண்டே போய், குளத்துக்கு நட்டநடுவில் நின்று, வெயிலில் நட்சத்திரம் மாதிரி மின்னியது.

"அங்க என்ன மின்னுது?" என்று பின்னால் டெஸ்லியின் குரல் கேட்டது.

"எங்க?"

"நம்ம சாவி மாதிரி இருக்கே. அது எப்படி அங்க போச்சு?"

"காத்துல போயிருக்கும்."

"சாவியா?"

"இந்த ஊர்க் காத்து பலமா இருக்கு" என்றார்.

டெஸ்லி அவரை வெகுநேரம் பார்த்தாள். உதடு துடித்தது. பிறகு ஹேமியைக் கூப்பிடப் போனாள்.

முகாமே கரைக்கு வந்துவிட்டது. மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள்கூட உண்டு. ஹேமி கம்பிச் சுருளைப் பிரித்து, நீட்டி, நுனியை வளைத்துக் கொக்கி செய்து, ஐஸ் மேல் வழுக்கவிட்டார். இருபது நிமிடத்தில் சாவி கொக்கியில் மாட்டிக்கொண்டு கரைக்கு வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நெவிலும் தட்ட வேண்டியிருந்தது. ஹேமி சாவியைத் துடைத்து அவர் உள்ளங்கையில் வைத்து, "காத்து நல்லாக் குறி பாத்து எறிஞ்சிருக்கு அண்ணே" என்றார்.

அதோடு நெவிலுக்குப் பொறுமை விட்டுப்போயிற்று. டெஸ்லி கூட்டத்தோடு தேநீர் குடிக்கப் போன சமயம், ஹேமியின் கையைப் பிடித்து விறகு அடுக்குக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். நான்கு நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்து வந்தது. டாஸ்மேனியாவைச் சொன்னார். சபதத்தைச் சொன்னார். ஃபியூஸைப் பிடுங்கியது தான்தான் என்றார். சாவியை எறிந்ததும் தான்தான் என்றார். உறைந்து போன பல் செட்டைக்கூட விடவில்லை. இந்த வேனில் இன்னும் ஒரு நாள் படுத்தால் உயிர் தங்காது, ஆனால் டெஸ்லி ஆசைப்பட்டு வந்த பயணம், அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஹேமி, நீங்க நல்ல மனுஷன். ஆனா உங்க ரிப்பேர் ஒவ்வொண்ணும்..." அதை முடிக்க அவருக்கு மனம் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போதும். என்னால முடியல. போதும்."

ஹேமி கம்பிச் சுருளைத் தோளிலிருந்து இறக்கி விறகு மேல் வைத்தார். மூன்று நாளில் முதல்முறையாக முகம் முழுக்கச் சிரித்தார்.

"அப்பாடா, சொல்லிட்டீங்களா? 'அவர் ஆசைப்பட்டு வந்த பயணம், நான் சொன்னா மனசு ஒடைஞ்சிருவாரு, அவர் வாயால போதும்னு வர்ற வரைக்கும் ஒவ்வொரு ரிப்பேர்லயும் வண்டியை இன்னும் கொஞ்சம் கெடுத்து வைங்க'ன்னு அக்கா மொத நாளே வந்து அழுதாங்க. நீங்க வாயே தொறக்கல, மூணு நாள்ல இந்த ஜில்லாவுல என் பேருதான் கெட்டுப் போச்சு அண்ணே."